சான்றிதழ் தொலைந்த ஒரு 1959 ரீஇஷ்யூ: வருடத்தைக் கண்டுபிடித்த விதம்

திருவான்மியூரில் ஒரு வீட்டிலிருந்து என் மேசைக்கு வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டார் இது. 1959ஆம் வருட மாடலை அச்சு அசலாகத் திரும்பச் செய்து, அந்த நிறுவனத்தின் தனிப் பட்டறையான கஸ்டம் ஷாப் விற்கிற ரீஇஷ்யூ வரிசையைச் சேர்ந்தது. சேகரிப்பவர்கள் வாயில் அது ஆர்-9. வைத்திருந்தவர் பல வருடம் சினிமா ஒலிப்பதிவுகளில் வாசித்தவர். அவர் காலமான பிறகு, மனைவியும் மகனும் விற்றுவிடலாம் என்று முடிவெடுத்து, விலை சொல்லச் சொல்லிக் கொண்டுவந்தார்கள். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லை. சீரியல் எண்ணின் பின்பாதியையும் விட்டுவிட்டேன்.

வாங்க ஆள் தயாராக இருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர், வீட்டில் ஏற்கெனவே சில ரீஇஷ்யூக்கள் வைத்திருப்பவர். மகன் அவரிடம் சொல்லியிருந்த விலை, நல்ல நிலையில் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும் அளவு. அந்த விலைக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். “அண்ணா, இது 2003 மாடல், பிரேசில் ரோஸ்வுட் போர்டு. அப்பா அடிச்சுச் சொல்லுவார்.”

அப்பாவிடம் அப்படிச் சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். மகன் கல்லூரியில் சேர்ந்த வருடம், அதாவது 2014இல், அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவரிடம் அவர் இதை செகண்ட் ஹேண்டாக வாங்கினார். கேஸ் வந்தது, கிட்டார் வந்தது, சான்றிதழ் வரவில்லை. “ஊருக்குப் போய் அனுப்பறேன்” என்றாராம் விற்றவர். அதோடு சரி.

ஒரு இலக்கம், இரண்டு வருடம்

சிக்கல் ஹெட்ஸ்டாக்கின், அதாவது கம்பி முறுக்கும் தலைப்பகுதியின், பின்புறத்தில் இருந்தது. அங்கே மையில் முத்திரை குத்திய எண் 9 3 என்று தொடங்குகிறது. 1959இல் கிப்சன் செய்த அசல் லெஸ் பால்களில் முதல் இலக்கம் வருடத்தைக் குறித்தது: 9 என்றால் 1959. ரீஇஷ்யூவும் அசல் மாதிரியே தெரிய வேண்டும் என்பதால் அதே முறையை வைத்துக்கொண்டு, இரண்டாவது இலக்கத்தில் தயாரித்த வருடத்தின் கடைசி எண்ணைப் போட்டார்கள். அதனால் 9 3 என்பது 2003ஆகவும் இருக்கலாம், 2013ஆகவும் இருக்கலாம். 1993கூட இந்தக் கணக்கில் வரும். கஸ்டம் ஷாப் இந்த வரிசையைத் தொடங்கிய வருடமே அதுதான். ஆனால் அந்தக் காலத்து வேலையின் நுணுக்கங்கள் வேறு. பார்த்த மாத்திரத்தில் அதைத் தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டு.

சான்றிதழ் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. மாடல் பெயர், முழு சீரியல் எண் எல்லாம் அதில் இருக்கும். லிமிடெட் எடிஷன் சேகரிப்பில் அந்தத் தாளுக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்து வாசிப்பவர்கள் கேலி செய்வதுண்டு. நானும் சிரித்திருக்கிறேன். 2010இல் தொடங்கிய கலெக்டர்ஸ் சாய்ஸ் மாதிரியான வரிசைகளில், குறிப்பிட்ட ஒரு அசல் கிட்டாரை அளந்து, அதன் கீறல் வரை நகலெடுத்து, எண்ணிக்கை வைத்து விற்றார்கள். அவற்றில் தாள் இல்லை என்றால் விலையில் கணிசமாகக் குறைத்துத்தான் கேட்பார்கள். ஆர்-9 அப்படி எண்ணி விற்ற வரிசை இல்லை. ஒவ்வொரு வருடமும் வரும். இங்கே தாள் தொலைந்ததால் போனது வருடம்.

2003க்கு என்ன தனி மவுசு?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். சன்பர்ஸ்ட் வண்ணத்தில் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 1958 முதல் 1960 வரைதான் வந்தது. மொத்தம் 1500ஐ ஒட்டி என்று கணக்குச் சொல்வார்கள். அப்போது சரியாக விற்கவில்லை. 1961இல் வடிவத்தையே மாற்றி, இரட்டைக் கொம்பு வைத்து விட்டார்கள். அறுபதுகளின் நடுவில் பிரிட்டிஷ் ப்ளூஸ் கலைஞர்கள் அந்தப் பழைய கிட்டார்களைத் தேடிப் பிடித்து, ஆம்ப்ளிஃபையரை முழுச் சத்தத்தில் வைத்து வாசித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. இன்று அசல் ஒன்றின் விலை அமெரிக்காவில் லட்சக்கணக்கான டாலர். ஆகவே ரீஇஷ்யூ.

அந்த அசல்களில் ஃப்ரெட்போர்டு, அதாவது விரல் அழுத்தும் பலகை, பிரேசில் ரோஸ்வுட். அந்த மரம் 1992இல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஏறியது. யானைத் தந்தம், புலித்தோல் இருக்கிற பட்டியல் அது. அதற்குப் பிறகு வந்த ரீஇஷ்யூக்களில் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட்தான், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். ஆனால் 2003இல், ஆர்-9 உட்பட சில ரீஇஷ்யூக்களில் ஒரு பகுதிக்குப் பிரேசில் பலகை போட்டு அனுப்பினார்கள். சேகரிப்பவர்கள் அந்த வருடத்தைத் தனியாகக் குறித்து வைத்திருப்பது அதனால்தான். மரம் மாறினால் ஒலி மாறுமா என்று கேட்டால் என் பதில்: ஃப்ரெட்போர்டின் ஒலியைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்லும் ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. விலை மாறும், அது நிச்சயம்.

“நிறத்தைப் பாருங்க அண்ணா, எவ்வளவு கறுப்பு, கோடு எப்படி ஓடுது” என்றார் மகன். கறுப்புதான். இந்திய ஈட்டியிலும் அப்படிக் கறுத்த பலகை தாராளமாக வரும். எண்ணெய் பூசிப் பூசி இன்னும் கறுக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்ல மரத்துண்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்குப் பெங்களூரில் மர ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஆனால் விற்கப்போகும் கிட்டாரின் ஃப்ரெட்போர்டில் யார் உளி வைக்க விடுவார்கள்? ஆகவே மரத்தை விட்டுவிட்டு வருடத்தைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். 2013 என்று உறுதியானால் பிரேசில் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகும்.

சோதனை

முதலில் உடைந்து ஒட்டியதா என்று பார்ப்பது என் வழக்கம். லெஸ் பால் ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும்; நெக், அதாவது கழுத்து, வளையாமல் உள்ளிருந்து தாங்கும் ட்ரஸ் ராட் கம்பியின் நட்டுக்காக அங்கேயே குடைந்தும் இருப்பார்கள். ஸ்டாண்டிலிருந்து மல்லாக்க விழுந்தால் அந்த இடம்தான் போகும். ஒட்டி, வண்ணம் அடித்து மறைத்திருந்தாலும் புறஊதா விளக்கில் புது லாக்கர் தனியாகத் தெரியும். அறையை இருட்டாக்கிப் பார்த்தேன், ஒரே சீராக இருந்தது. சுத்தம். எடை 3.9 கிலோ. இந்த வரிசைக்குச் சரியான எடை.

அடுத்தது மின்சாரப் பகுதி. பொதுவாக வருடத்தைச் சொல்வது இதுதான். வால்யூம், டோன் திருகிகளுக்கு அடியில் இருக்கும் பாட்களின் முதுகில் எண் குத்தியிருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சி.டி.எஸ் நிறுவனம், அடுத்து வருவது வருடமும் வாரமும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பும் உதவும்: 2003இல் இந்த மாடலில் பர்ஸ்ட்பக்கர், 2013இல் கஸ்டம்பக்கர்.

பின் மூடியைத் திறந்ததும் அந்த வழி அடைபட்டது. நான்கு பாட்களும் புதியவை, ஒயரும் புதியது, பிக்கப் இரண்டும் வேறு ஒரு நிறுவனத்துடையவை. ஈயம் வைத்த வேலை நேர்த்தியாகவே இருந்தது. அம்மாவிடம் கேட்டேன். “ரெக்கார்டிங்ல இரைச்சல் வருதுன்னு வடபழனியில ஒருத்தர்கிட்ட குடுத்து மாத்தினாருப்பா. பழசை எங்க வெச்சாருன்னு எனக்குத் தெரியாது.” வேலைக்குப் போகிறவர் கருவியைத் தன் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்வார். அவர் பார்வையில் அது சரி. விற்கும்போதுதான் அது கணக்கில் வருகிறது.

குழிக்குள் ஆர்-9 என்ற முத்திரை மட்டும் இருந்தது. மாடல் பொய் இல்லை என்பது உறுதி. வருடம் இன்னும் தெரியவில்லை.

2013இல் கிப்சன் இந்த வரிசையில் இரண்டு முக்கியமான மாற்றம் செய்தது. அதுவரை ட்ரஸ் ராட் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. 1959இல் அது கிடையாது என்று சேகரிப்பவர்கள் நச்சரித்ததால் எடுத்துவிட்டார்கள். நெக்கை உடலோடு ஒட்ட அதுவரை நவீனப் பசை. 2013இலிருந்து பழைய முறைப்படி விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதே ஜாதி. இவை இரண்டையும் யாரும் ஸ்க்ரூ டிரைவரால் மாற்றிவிட முடியாது.

ஹெட்ஸ்டாக்கில் மணி வடிவ மூடியைக் கழற்றி, மெல்லிய டார்ச்சை உள்ளே சாய்த்துப் பார்த்தேன். பித்தளை நட்டு, அதன் பின்னே வெறும் இரும்புக் கம்பி. உறை தெரியவில்லை. ஆனால் அந்தக் குழி சிறியது. உறை உள்ளே தள்ளிப்போய் நின்றிருந்தாலும் தெரியாது. இதை மட்டும் வைத்து எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆகவே நெக் பக்கத்துப் பிக்கப்பைத் தூக்கினேன். இந்த மாடலில் நெக்கின் அடிக்கட்டை நீளமாக உடலுக்குள் நீண்டு, பிக்கப் குழி வரை வந்து நிற்கும். குழியின் ஓரத்தில் கட்டையின் முனை தெரிந்தது. இணைப்பில் பசை பிதுங்கி, கடுகளவுக்கு இரண்டு மூன்று சொட்டு உறைந்திருந்தது. தேன் நிறம், கண்ணாடிப் பளபளப்பு. நகத்தால் தட்டினால் டிக் என்றது. ஃபெவிகால் ரகப் பசை இப்படி இருக்காது; அது ரப்பர் மாதிரி அமுங்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழிந்து, ஒரு சொட்டின் மேல் மட்டும் வைத்துக் காத்திருந்தேன். எடுக்கும்போது பஞ்சு ஒட்டிக்கொண்டு இழையாக நீண்டது. மூக்கருகே கொண்டுபோனால் லேசான தோல் வாடை. அப்பா தச்சுவேலை செய்தவர் என்று சொல்லிக்கொண்டு எங்கள் பட்டறையில் உதவிக்கு இருக்கும் பையனிடம் நீட்டினேன். யோசிக்கக்கூட இல்லை. “வஜ்ஜிரம் சார்.”

இணைப்பைப் பிரித்து மறுபடி ஒட்டியதற்கான அடையாளம் எதுவும் இல்லை: ஓரப் பட்டையான பைண்டிங்கை ஒட்டிய லாக்கர் உடையாமல் இருந்தது, குழியில் கத்தி கீறிய தடம் இல்லை. வஜ்ஜிரம் தொழிற்சாலையிலேயே வைத்தது. உறை இல்லாத ட்ரஸ் ராடும் சேர்ந்தால் 2013.

கடற்காற்றும் அந்துருண்டையும்

நிலைமைக் குறிப்பு தனியாக எழுத வேண்டியிருந்தது, ஏனென்றால் சென்னையில் இருந்த கிட்டாருக்கும் வறண்ட ஊரில் இருந்த கிட்டாருக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. இந்த வீடு கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரம். பிரிட்ஜ் ஸ்க்ரூக்களில் துரு, டெயில்பீஸின் நிக்கல் மங்கிச் சொரசொரப்பாகியிருந்தது. மாற்றப்பட்ட பிக்கப்களின் மூடிகூட ஓரத்தில் பச்சை பூத்திருந்தது.

லாக்கர் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. இந்த ரீஇஷ்யூக்களில் அடிப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ஐம்பதுகளில் கார்களுக்கு அடித்த வகை. மெல்லியது, வயதாக ஆக மஞ்சளாகும், சடாரென்று வெப்பம் மாறினால் முடி போல விரிசல் விடும். ரப்பரையும் வினைலையும் கண்டால் ஆகாது. நம் ஊர் ஸ்டாண்டுகளின் கருப்பு ரப்பரில் சாய்த்து வைத்தால், அதிலுள்ள இளக்கிப் பொருள் லாக்கருக்குள் இறங்கிப் பிசுபிசுத்துவிடும். இந்தக் கிட்டாரில் நெக்கின் பின்புறம் கட்டைவிரல் அகலத்துக்கு அப்படி ஒரு வடு. வலது முன்கை படும் இடத்திலும் வியர்வையால் மேற்பரப்பு மங்கியிருக்கிறது. வடுவை மெருகேற்றி மறைத்துத் தரச் சொன்னார் மகன். மறுத்துவிட்டேன். வாங்குபவர் எப்படியும் புறஊதா விளக்கில் பார்ப்பார். மறைத்தது தெரிந்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்.

கேஸைத் திறந்தபோது வந்த வாசனை இன்னொரு விஷயத்தைச் சொன்னது. பூச்சி வரக்கூடாது என்று பாச்சை உருண்டையைத் துணியில் கட்டி உள்ளே போட்டிருந்தார்கள். பட்டுப்புடவைக்குச் செய்கிற அக்கறைதான். ஆனால் அந்த ஆவி லாக்கருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நல்லதல்ல. எடுத்து எறிந்துவிட்டு சிலிக்கா ஜெல் பையும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டுக் கொடுத்தேன். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் போதும். சென்னையில் கேஸுக்கு வெளியே அது பாதி நாள் 70க்கு மேல் நிற்கிறது. ஏசி அறையில் இரவெல்லாம் குளிரவைத்துவிட்டுப் பகலில் அணைத்துவிடுவதற்குப் பதில், மூடிய கேஸில் ஏசி இல்லாத அறையில் வைப்பதே மேல் என்பது என் கருத்து. இதில் மற்ற பழுதுபார்ப்பவர்கள் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

வஜ்ஜிரத்துக்கும் ஒரு வரி எழுதினேன். அதற்கு வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் ஆகாது. சித்திரை வெயிலில் பூட்டிய காரின் டிக்கியில் இந்தக் கிட்டாரை விட்டுவிட்டு யாரும் பெசன்ட் நகரில் காபி குடிக்கப் போகக்கூடாது.

விலை

வருடம் சொன்னதும் மகன் முகம் வாடிவிட்டது. அம்மா நிதானமாக, “அப்ப அவங்க எங்க வீட்டுக்காரரை ஏமாத்திட்டாங்களா?” என்று கேட்டார். விற்றவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம். 9 3 என்று பார்த்துவிட்டு 2003 என்று நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

நான் எழுதிக் கொடுத்த மதிப்பு, மகன் சொல்லியிருந்த விலையில் பாதிக்குச் சற்று மேல். பிரேசில் கதை போனதால் குறைந்தது பெரும்பகுதி. மிச்சம் அசல் பிக்கப்பும் பாட்களும் இல்லாததற்கு, அப்புறம் லாக்கர் வடுவுக்கும் துருவுக்கும். சான்றிதழுக்காகத் தனியாக எதுவும் குறைக்கவில்லை. வருடம்தான் வேறு வழியில் தெரிந்துவிட்டதே.

2013க்கு ஆதரவாகவும் ஒரு பத்தி சேர்த்தேன். வாசிப்பவர்களில் பலர் அந்த வருட மாற்றங்களை இந்த வரிசையின் நல்ல திருப்பமாகவே பார்க்கிறார்கள். பசையும் ட்ரஸ் ராடும் அசலுக்கு நெருங்கி வந்தன. 2003இல் பலகை ஒன்றுதான் அசலுக்கு நெருக்கம். எதை நெருக்கம் என்று எடுத்துக்கொள்வது என்பது வாங்குபவர் பாடு.

சிங்கப்பூர்க்காரர்

அவர் முன்பு தொலைபேசியில் என்னிடம், “அண்ணே, 2003னு உறுதியாச் சொல்லுங்க, இன்னிக்கே அட்வான்ஸ் போடறேன்” என்றவர். அறிக்கையை அனுப்பிவிட்டு நானே கூப்பிட்டேன், ஏனென்றால் அவருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. அது உண்மையில் பிரேசில் பலகையாக இருந்திருந்தால், எடுத்துப்போவதே பெரும்பாடாகியிருக்கும். முதல் பட்டியலில் உள்ள மரம். தடைக்கு முன் வெட்டியது என்பதற்கு ஆவணம் வேண்டும், இரு நாட்டு அனுமதியும் வேண்டும். 2022இல் திருத்திய நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் சைட்டிஸ் பட்டியல்கள் சேர்க்கப்பட்டுவிட்டன. சான்றிதழ்கூட இல்லாத கிட்டாருக்கு அந்தத் தாள்களை யார் தருவார்கள்?

இந்திய ஈட்டியின் கதை வேறு. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது, கிட்டார் விற்பவர்கள் திண்டாடிப்போனார்கள். ஒரு சாதாரண கிட்டாரை நாடு விட்டு நாடு அனுப்பி விற்கவும் அனுமதித் தாள் வேண்டியிருந்தது. 2019 நவம்பர் கடைசியில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு கிடையாது. ஆக, விலையை ஏற்றிய அதே வாக்கியம் உண்மையாக இருந்திருந்தால், இந்த விற்பனையே நடந்திருக்காது.

இதில் ஒரு கிளைக்கதை. 2011இல் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் தொழிற்சாலையில் புகுந்து இந்தியாவிலிருந்து வந்த கருங்காலி, ரோஸ்வுட் பலகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கு முன் 2009இல் மடகாஸ்கர் கருங்காலிக்காக ஒரு சோதனை. 2012இல் நிறுவனம் மூன்று லட்சம் டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. இந்திய மரம் திரும்பக் கிடைத்தது. அந்த மரத்தை வைத்தே ‘கவர்ன்மென்ட் சீரிஸ்’ என்று ஒரு லிமிடெட் எடிஷன் விட்டார்கள். அரசாங்கம் பிடித்துப்போன மரத்துக்கும் சான்றிதழ் அடித்து விற்ற அந்தத் துணிச்சலை நான் ரசிக்கிறேன்.

சிங்கப்பூர்க்காரர் இரண்டு வாரம் பேசாமல் இருந்துவிட்டு, நான் எழுதிய விலைக்குக் கொஞ்சம் கீழே கேட்டார். அம்மா ஒரே பேச்சாக, எழுதிய விலைதான் என்றார். சிங்கப்பூர்க்காரர் ஒத்துக்கொண்டார். பணம் வந்தது. கிட்டாரைக் கம்பி தளர்த்தி, ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் மேலும் துணி சுருட்டி வைத்துக் கட்டிக் கொடுத்தோம். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாள் முழுக்கக் கேஸைத் திறக்காதீர்கள் என்று ஒரு சீட்டும் உள்ளே போட்டேன்; விமானத்துக் குளிரிலிருந்து வந்த நைட்ரோவைச் சட்டென்று சூட்டில் திறந்தால் விரிசல் விடும்.

பழைய கஸ்டம்பக்கர் இரண்டும் கிடைத்தால் தனியாகப் பணம் தருவதாக அவர் சொல்லியிருக்கிறார். மகன் இப்போது வடபழனியில் அந்த ரிப்பேர்க்காரரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.